இடப்பக்கம் கதவில்லை

அந்த வண்டிக்கு ஓட்டுகிறவர் பக்கம் கதவு கிடையாது. கதவு மாதிரி தகரத்தில் ஒரு கோட்டை அழுத்தி வைத்திருந்தார்கள், பார்ப்பவர்கள் ஏமாறட்டும் என்று. கைப்பிடி இல்லை, கீல் இல்லை, ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவர் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, இருக்கையிலேயே நகர்ந்து நகர்ந்து இடப்பக்கம் போய் உட்கார வேண்டும். லட்சக்கணக்கில் செய்து தள்ளுகிற வண்டியில் ஒரு கதவு குறைந்தால் என்ன குடி முழுகிப் போகும்? குதிரைக்குப் புல் வாங்கவே மூச்சு வாங்கியவர்கள்கூட கார் வாங்க முடிந்தது அந்த டி மாடல் ஃபோர்டு வந்த பிறகுதான். அதனால் நார்டால் ஊரில் யாரும் அந்தக் கதவைப் பற்றி வாய் திறந்ததில்லை.

ரக்னா டுவைட் மட்டும் அன்று காலையிலிருந்து வேறு எதையும் நினைக்கவில்லை. வலப்பக்கம் மிஸ்டர் பிங்கம் உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

மிஸ்டர் பிங்கம் தபால் இலாகா இன்ஸ்பெக்டர். மில்வாக்கியிலிருந்து முந்தின நாள் ரயிலில் வந்து இறங்கியவர். நல்ல ஆகிருதி. இருக்கையில் முக்கால்வாசியை அவரே எடுத்துக்கொண்டார்; மீதியில் ரக்னாவும் ஸ்டியரிங்கும் இருந்தார்கள். பின் இருக்கையில் உட்காரச் சொல்லலாம் என்றால், அங்கே பார்சல்கள் கூரைத் துணி வரை அடுக்கியிருந்தன: விதைப் பைகள், ஒரு ஏர்க் கொழு, கீச்சுக் கீச்சென்று கத்துகிற கோழிக்குஞ்சுப் பெட்டி ஒன்று. மடியில் விதிப் புத்தகம், கையில் கடிகாரம், வாயில் சுருட்டு என்று மனிதர் முன்னாலேயே சௌகரியமாக இருந்தார்.

சங்கதி இதுதான். இரண்டு குதிரைத் தபால் வழித்தடங்களைச் சேர்த்து ஒரே கார் வழித்தடமாக ஆக்கப் போகிறார்கள். நாற்பத்தெட்டு மைல், சாலையோரம் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுத் தபால் பெட்டிகள். காரைத் தபால் போடுகிறவரே சொந்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். வழித்தடம் நார்டால்காரருக்கா, பக்கத்து ஊர் மில்பர்ன்காரருக்கா என்று ஒரே ஒரு நாள் ஓட்டத்தில் முடிவாகிவிடும். மூன்று மணி ரயில் வருவதற்குள் சுற்றி முடித்துத் திரும்பி வந்தால் வேலை டுவைட் வீட்டில் இருக்கும். வராவிட்டால் மில்பர்னுக்குப் போய்விடும். டுவைட் வீட்டிலோ இரண்டு குதிரையையும் விற்றுத்தான் காரை வாங்கியிருந்தார்கள். லாயத்தில் இப்போது கார்தான் நின்றது.

வழித்தடம் ரக்னாவின் கணவன் ஹால்வர் பெயரில். பதினான்கு வருஷமாகத் தபால் போட்டவன். அதில் பாதி தூரம் அவன் தூங்கிக்கொண்டே போனான் என்பதும், குதிரைதான் பெட்டி பெட்டியாக நின்று தபால் போட்டது என்பதும் ஊரறிந்த விஷயம். கார் வந்த நான்காம் நாள், அவன் அதன் முன்மூடியைக் குதிரைக் கழுத்தைத் தட்டுவது போலத் தட்டிக்கொடுத்துவிட்டு, எஞ்சினைக் கிளப்ப முன்னாலிருக்கிற ஹேண்டிலைச் சுழற்றினான். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற நான்கு விரலோடு சேர்த்து வை என்று விற்றவன் மூன்று தரம் சொல்லியிருந்தான். பதினான்கு வருஷம் கடிவாளம் பிடித்த கை கேட்குமா? எஞ்சின் ஒரு உதை உதைத்தது. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்தது. டாக்டர் ஆறு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனார். 

ஹால்வருக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் தபால் போட, சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்ட பதிலாள் ரக்னா. ஆறு வாரத்துக்கு அவள்தான். அந்த ஆறு வாரத்தை நினைத்தாலே அவளுக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. கணவனுக்குக் கை ஒடிந்த நேரத்தில் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை. துவைக்கிற தொட்டியும் பால் கறக்கிற முக்காலியும் தவிர வேறு இடத்தில் அவள் உட்கார்ந்து வேலை பார்த்தது இந்த ஐந்து நாளாகத்தான்.

அன்று காலையிலும் ஹால்வர் கட்டுப் போட்ட கையோடு முதலில் ஏறி, நகர்ந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

"நீ ஹேண்டிலப் போடு, நான் இங்க உக்காந்து பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துக்கப் போற? ஓடிப் போயிடுமா?"

"யாருக்குத் தெரியும்? இது மூஞ்சியே சரியில்ல."

ரக்னா கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு ஒரே இழுப்பில் எஞ்சினைக் கிளப்பினாள். வண்டி மொத்தமும் நடுங்கியது. ஹால்வரும் நடுங்கினான். பிறகு அவசரமாக நகர்ந்து இறங்கி, "என் பேரக் காப்பாத்து" என்று மட்டும் சொன்னான்.

முதல் பெட்டியிலேயே வினை ஆரம்பமானது. பெட்டிகள் எல்லாம் சாலையின் வலப்பக்கம் நட்டிருக்கும். தனியாகப் போகும்போது ரக்னா வண்டியை நிறுத்திவிட்டு வலப்பக்கம் சறுக்கிப் போய்ப் போட்டுவிட்டு வருவாள். இப்போது சறுக்குகிற இடத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார்.

"சார், ஒரு நிமிஷம் எறங்கி நின்னீங்கன்னா…"

"நூத்துப் பன்னெண்டு தடவை எறங்கி ஏறவாம்மா நான் வந்திருக்கேன்?"

"அப்ப நான் இந்தப் பக்கமா ஏறிக் குதிச்சு, சுத்திப் போய்ப் போட்டுட்டு வரேன்."

மிஸ்டர் பிங்கம் புத்தகத்தைப் பிரித்தார். "தபால் போடறவர் வண்டிய விட்டு எறங்கக் கூடாது. விதி."

"சரி, இந்தக் கடுதாசிய நீங்களே அந்தப் பெட்டில போட்டுருங்க. கை நீட்டினா எட்டும்."

"பிரமாணம் எடுத்தவரத் தவிர யாரும் தபாலத் தொடக் கூடாது. அதுவும் விதி. நான் சாட்சிக்கு வந்தவன்மா, வேலைக்கு வரல."

ஆக, ஒவ்வொரு பெட்டியிலும் ரக்னா இருக்கையில் முழங்கால் போட்டு, இன்ஸ்பெக்டரின் வயிற்றுக்கு மேலே எட்டி, ஒரு கையால் பெட்டி மூடியைத் திறந்து, மறு கையால் கடிதத்தைச் செருக வேண்டியிருந்தது. ஏழாவது பெட்டியில் அவர் தொப்பி சாலையில் விழுந்தது. பன்னிரண்டாவதில் அவர் மூக்கில் முழங்கை பட்டது. இருபதாவதில் அவள் மன்னிப்புக் கேட்பதையே விட்டுவிட்டாள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை, பாவம். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார்.

கெட்டில் ஓடைக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டு. இந்நேரம் மேட்டின் மேலே இருந்திருக்க வேண்டும். அரை மணிக்கு மேலேயே பிந்தியாகிவிட்டது. இன்னும் ஐம்பத்தொரு பெட்டி பாக்கி. லாயத்தில் குதிரை இல்லை என்பது ரக்னாவுக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

ஓடைக்கு அப்பால் திட்டு மேடு. தேவாலயத்தில் பிரசங்கம் செய்கிற பாதிரியார்கூட அந்த ஏற்றத்தில் வாய்விட்டுத் திட்டியிருக்கிறாராம்; அதனால் அந்தப் பெயர். ரக்னா வண்டியை அடிவாரத்தில் நிறுத்தினாள்.

"சார், கொஞ்சம் எழுந்திருங்க. பெட்ரோல் பாக்கணும்."

"அதுக்கு நான் எதுக்கு எழுந்திருக்கணும்?"

"நீங்க அதுமேலதான் உக்காந்திருக்கீங்க."

மிஸ்டர் பிங்கம் எழுந்து நின்றார். அவள் மெத்தையைத் தூக்கினாள். அடியில் உருளையாகப் பெட்ரோல் தொட்டி. மூடியைத் திறந்து மர அளவுகோலை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் தொட்டியைப் பார்த்தார். வாயிலிருந்த சுருட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு ஓடைக்கரை வரை நடந்து போய் அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தார்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"அப்பவே பத்த வெச்சுட்டீங்களே சார். பெரியவங்க குடிக்கறத எப்படிக் குறுக்க பேசறது?"

தொட்டியில் பாதிக்கும் கீழே. சமதரையில் அது தாராளம். ஆனால் அந்த வண்டியில் பெட்ரோலை இறைக்க எந்திரம் ஒன்றும் கிடையாது. தொட்டியிலிருந்து எஞ்சினுக்குத் தானாக வழிந்து ஓடினால்தான் உண்டு. செங்குத்தான மேட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறினால் எஞ்சின் மேலே போய்விடும், தொட்டி கீழே தங்கிவிடும், நடுவழியில் எஞ்சினுக்குத் தாகம் எடுத்து நின்றுவிடும். இது அந்த மலைப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அதற்கு என்ன செய்வது என்பதும் தெரியும்.

ரக்னா வண்டியைச் சாலையின் குறுக்கே வளைத்து, முகம் ஓடையையும் பின்புறம் மேட்டையும் பார்க்கும்படி திருப்பி நிறுத்தினாள்.

"ஊருக்குத் திரும்பறோமா?" என்றார் மிஸ்டர் பிங்கம். குரலில் கொஞ்சம் ஆசை இருந்த மாதிரி தெரிந்தது.

"இல்ல சார். மேல ஏறப் போறோம். ரிவர்ஸ்ல."

"என்னது?"

"பின்னாலயே போனாத்தான் ஏறும். தொட்டி மேல இருக்கும், எஞ்சின் கீழ இருக்கும். இங்க எல்லாரும் அப்படித்தான் ஏறுவோம்."

"அரசாங்கத் தபால் பின்பக்கமாப் போறதா? நான் இருபத்திரண்டு வருஷமா சர்வீஸ்ல இருக்கேன். கேள்விப்பட்டதே இல்ல."

"போகக் கூடாதுன்னு புத்தகத்துல இருக்கா சார்?"

மிஸ்டர் பிங்கம் புத்தகத்தைப் பிரித்தார். அவர் பொருளடக்கத்தில் இருக்கும்போதே ரக்னா நடு பெடலை அழுத்திவிட்டாள். வண்டி உறுமிக்கொண்டு, வாலை முன்னே நீட்டி, மேட்டில் ஏறத் தொடங்கியது.

ஏற்றத்தில் பதினொரு பெட்டிகள். முதல் பெட்டி நெருங்கியது. ரக்னா பழக்கத்தில் முழங்கால் போட்டு எட்டத் தயாரானாள். இன்ஸ்பெக்டரும் பழக்கத்தில் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார். ஆனால் அவர் பக்கம் பெட்டி இல்லை. வெறும் சாலைதான் இருந்தது.

பெட்டி ரக்னாவின் இடது முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது.

அவளுக்கு ஒரு வினாடி ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வண்டி சாலையின் வலப்பக்கத்தில்தான் போகிறது. முகம் மட்டும்தான் திரும்பியிருக்கிறது. ஆகவே கதவில்லாத பக்கம்தான் இப்போது பெட்டிப் பக்கம். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள், மூடியைத் திறந்தாள், கடிதத்தைப் போட்டாள், மூடினாள். எவர் வயிற்றையும் தாண்டவில்லை. வீட்டு அலமாரியில் சாமான் எடுத்து வைப்பதுபோல அத்தனை சுலபமாக இருந்தது.

பதினொரு பெட்டியும் அப்படியே. உச்சிக்கு வந்ததும் மிஸ்டர் பிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் போடல," என்றார் மெதுவாக.

"எத சார்?"

"பின்பக்கமா போகக் கூடாதுன்னு. சாலைக்கு வலப்பக்கம்தான் போகணும்னு போட்டிருக்கு. அப்படித்தான் போறோம்."

உச்சியில் எய்னர் ஸ்டுப்ரூடின் பாலாடைக்கட்டித் தொழிற்சாலை. ரேடியேட்டர் கெட்டில் மாதிரி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பின்பக்கமாகப் போகும்போது வண்டியின் முகத்தில் காற்று படாதல்லவா. எய்னர் வாளியோடு வெளியே வந்தார்.

"என்ன ரக்னா, காப்பி போட்டாச்சா? வாசனை இங்க வரைக்கும் வருது."

"தண்ணி ஊத்துங்கண்ணே. நேரமில்ல."

"இவர் யாரு, பார்சலா? அஞ்சல் தலை எங்க ஒட்டியிருக்கு?"

"இன்ஸ்பெக்டர், அண்ணே!"

எய்னர் வாளியைக் கீழே வைத்துத் தொப்பியைக் கழற்றினார். பிறகு தண்ணீர் ஊற்றினார். இனி மேட்டின் முதுகெலும்பில் மூன்று மைல் சமதரை. அந்த மூன்று மைலுக்குள் நாற்பது பெட்டி; தேவாலயத்தைச் சுற்றி வீடுகள் அவ்வளவு நெருக்கம். முன்பக்கமாகப் போனால் நாற்பது தடவை முழங்கால், நாற்பது தடவை வயிறு. மூன்று மணி ரயிலை நினைக்கவே வேண்டாம்.

எல்லோரும் வண்டியை முன்பக்கமாகத் திருப்புகிற இடத்தில் ரக்னா திருப்பவில்லை.

"சார், நான் இப்படியே போகப் போறேன். மூணு மைலும்."

"சமதரையிலயா?"

"சமதரையில போகக் கூடாதுன்னு…"

"இல்ல, இல்ல, போடல," என்றார் அவர் அவசரமாக.

"ஒரு கஷ்டம் இருக்கு. பார்சல் மறைக்குது. என் பக்கம் திரும்பிப் பாத்தா பெட்டி தெரியுது, அந்தப் பக்கம் சாலை தெரியல. நீங்க பாத்துச் சொன்னா நல்லா இருக்கும்."

மிஸ்டர் பிங்கம் யோசித்தார். தபாலைத் தொடக் கூடாது என்றுதான் விதி. சாலையைப் பார்க்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். இருக்கையில் முழங்கால் போட்டு, பின்னோக்கித் திரும்பி, கோழிக்குஞ்சுப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போம்மா!"

அந்த மூன்று மைலை அந்த மேட்டுக்காரர்கள் பல வருஷம் பேசினார்கள். ஒரே கம்பியில் பதினாறு வீட்டுக்கு டெலிபோன். ஒரு வீட்டில் மணியடித்தால் பதினாறு பேரும் எடுத்துக் கேட்பார்கள். எய்னர் முதல் வீட்டுக்குச் சொன்னதும் மொத்த மேடும் வேலிக்கு வந்துவிட்டது.

"ரக்னா, வந்துட்டிருக்கியா போயிட்டிருக்கியா?"

"உங்க கடுதாசி வந்துட்டிருக்கு! பெட்டியத் தொறந்து வைங்க!"

"நேத்துப் போட்ட தபாலத் திருப்பி எடுக்க வந்தியோ?"

"ஆமா, உங்க மாமியார் கடுதாசிய மட்டும்!"

மிஸ்டர் பிங்கத்துக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவர் முழு மூச்சாக வேலையில் இருந்தார். "வலது… இன்னும் வலது… பள்ளம், பள்ளம்! கன்னுக்குட்டி! ஹோ! ஹோ!" என்று அவர் அலறினார். ஹோ என்று சொன்னால் கார் நிற்காது என்பது அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் அவரும் குதிரையோடு வளர்ந்தவர்தான். ரக்னாவும் "ஹோ!" என்று கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தாள். இருவரும் ஸ்டியரிங்கையும் கோழிப் பெட்டியையும் கடிவாளத்தை இழுப்பது போலப் பின்னுக்கு இழுத்தார்கள். கன்றுக்குட்டி அவர்களை நிதானமாகப் பார்த்துவிட்டு விலகிப் போனது.

நாற்பதாவது பெட்டியில் கடிதத்தைப் போட்டு மூடியபோது ரக்னாவின் வலது கால், பெடலை அழுத்தி அழுத்தி, மரத்துப் போயிருந்தது. வண்டியை முன்பக்கமாகத் திருப்பினாள். இடுப்பில் கட்டியிருந்த துணியிலிருந்து வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிய லெஃப்ஸ என்ற மெல்லிய ரொட்டி இரண்டை எடுத்து, ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"சாப்பிடலாமா, விதி இருக்கா?"

"வாயில போட்டதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்மா," என்றார் மிஸ்டர் பிங்கம்.

நார்டால் தபால் நிலைய வாசலில் வண்டி வந்து நின்றபோது ரயில் இன்னும் மரப்பாலத்தைத் தாண்டவில்லை. மணி இரண்டு ஐம்பத்து மூன்று. ஹால்வர் கட்டுக் கையோடு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். டெலிபோன் செய்தி அவனையும் எட்டியிருந்தது.

"பின்னாலயே போறாளாமேன்னு ஊரே சிரிக்குது! வண்டி உடைஞ்சு போச்சா? நீ உடைஞ்சு போயிட்டியா?"

"எல்லாம் முழுசா இருக்கு. ரயிலுக்கு மூட்டையக் குடு முதல்ல."

மிஸ்டர் பிங்கம் வண்டியின் முன்மூடி மேலேயே படிவத்தை விரித்து வைத்து எழுதினார். எழுதும்போது ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்; அது அவர் வழக்கம்.

"வண்டிய விட்டு எறங்கினாங்களா? இல்ல. வேற யாராவது தபாலத் தொட்டாங்களா? இல்ல. சாலைக்கு வலப்பக்கம் போனாங்களா? போனாங்க. நேரத்துக்கு வந்தாங்களா? ஏழு நிமிஷம் முன்னாடி." தாளைத் திருப்பிப் பார்த்தார். "வண்டி எந்தப் பக்கம் பாத்துட்டுப் போச்சுன்னு யாரும் கேக்கல. கேக்காதத நான் எழுதறதில்ல."

ரக்னாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். வேலை வீட்டில் தங்கிவிட்டது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: ஆறு வாரத்தில் ஐந்து நாள் கழிந்துவிட்டது.

"கடைசிக் கேள்வி," என்றார் இன்ஸ்பெக்டர். "நிரந்தரமா ஓட்டப் போறவர் பேரு? ஹால்வர் டுவைட். கை எப்பக் குணமாகும்?"

ஹால்வர் வண்டியைப் பார்த்தான். எஞ்சின் அணைந்த பிறகும் உள்ளே எங்கோ டிக் டிக்கென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. ஹேண்டிலைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். தலைமுடியெல்லாம் தூசி, மூக்கில் கரி, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நிற்கிறாள், முகத்தில் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அந்த முகத்தை அவன் நாலைந்து தடவை பார்த்திருப்பானா?

"குணமாகாது சார்," என்றான்.

"என்ன ஹால்வர்? டாக்டர் ஆறு வாரம்னு சொன்னாரே?" என்றாள் ரக்னா.

"டாக்டருக்கு என்ன தெரியும்? அவர் குதிரை வண்டியிலதான் போறாரு." அவன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். "கடிவாளம் பிடிக்க இந்தக் கை சரியாயிடும். இதுக்கு ஆகாது. என் பேர அடிச்சுட்டு அவ பேர எழுதுங்க. ரக்னா டுவைட். பதிலாள்னு வேணா என்னப் போட்டுக்கங்க."

மிஸ்டர் பிங்கம் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார்.

ரக்னா வண்டிக்கு முன்னால் போய், கட்டைவிரலை மடக்கி, ஹேண்டிலைச் சுழற்றினாள். எஞ்சின் கிளம்பியது.

நிமிர்ந்து பார்த்தால், ஹால்வர் காலையில் ஏறியதுபோல முதலில் ஏறி உட்கார்ந்திருக்கவில்லை. நல்ல கையால் வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றான். ஓட்டுகிறவர்தானே முதலில் ஏற வேண்டும்.

"ஏறு. நீ நகர்ந்தாத்தானே எனக்கு எடம்," என்றான்.